பாஸ்புக்கில் 16,500 ரூபாய் கூடுதலாக இருக்கிறது, எங்கே தேடுவது?

காவிரிக்கரை:
எங்கள் ஊர் அரிமா (லயன்ஸ்) சங்கத்தில் 28 பேர். ஜூலை 1 முதல் நான்தான் பொருளாளர். 'உங்களுக்குத்தான் சார் கணக்கு வரும்' என்று தலையில் கட்டிவிட்டார்கள். ஜூன் 30 அன்று எங்கள் புத்தகப்படி வங்கியிருப்பு 92,140. பாஸ்புக்கில் 1,08,640. பழைய பொருளாளரைக் கேட்டால் 'கூடத்தானே இருக்கு, விடுங்க' என்கிறார்.

அப்புறம், உறுப்பினர்களுக்காக லயன்ஸ் தலைமையகத்துக்குக் கட்ட வேண்டிய சர்வதேசச் சந்தா பில் வந்துவிட்டது. கண் முகாமுக்காகக் கடைத்தெருவில் வசூலித்ததில் மிச்சம் இருக்கிறது, அதிலிருந்து கட்டிவிடலாம் என்கிறார் செயலாளர். எல்லாப் பணமும் ஒரே கணக்கில்தான் கிடக்கிறது. கட்டலாமா?

கணக்கப்பிள்ளை:
நீங்கள் கொடுத்து இன்னும் வங்கிக்குப் போகாத செக் ஏதாவது இருக்கும். செக் புத்தக அடிக்கட்டைகளை ஜனவரியிலிருந்து பாஸ்புக்கோடு வைத்து டிக் அடியுங்கள். ஜிபேயில் சந்தா போட்டுவிட்டு வாயே திறக்காதவர்களும் எல்லாச் சங்கத்திலும் உண்டு, ரசீது போடாத வரவுகளையும் பாருங்கள்.

காவிரிக்கரை:
கிடைத்துவிட்டது சார்! மார்ச் 9 அன்று பந்தல்காரருக்குக் கொடுத்த 12,000 ரூபாய் செக். பீரோவில் வைத்து மறந்துவிட்டாராம். மீதி 4,500, மூன்று பேர் தலா 1,500 சந்தா. அந்த செக்கை இப்போது போடச் சொல்லட்டுமா?

கணக்கப்பிள்ளை:
செல்லாது. செக்குக்கு ஆயுள் மூன்று மாதம்தான். ஆறு மாதம் என்பதெல்லாம் 2012 ஏப்ரலுக்கு முன்பு. பழையதை வாங்கி 'ரத்து' என்று எழுதி வவுச்சரோடு வையுங்கள். புதியது கொடுக்கும்வரை அந்த 12,000 நீங்கள் பந்தல்காரருக்குத் தர வேண்டிய பாக்கி. வருமானம் என்று எழுதிவிடாதீர்கள். மூன்று ரசீதும் போட்டால் கையில் உண்மையாக நிற்பது 96,640.

மலைக்கோட்டை:
இரண்டாவது கேள்வியை யாரும் தொடவில்லையே? கட்டவே கூடாது. பொதுமக்களிடம் வாங்கியது பொதுமக்கள் சேவைக்கு மட்டும்தான். சந்தா, கூட்டச் சாப்பாடு, சால்வை எல்லாம் உறுப்பினர்கள் கைக்காசு. இயக்கத்தின் விதியே இது. தீர்மானம் போட்டு, சேவைக்கென்று தனிக் கணக்கு திறந்துவிடுங்கள். எங்கள் சங்கத்தில் இப்படிக் கலந்து வைத்திருந்தபோது, உண்டியலில் போட்ட டீக்கடைக்காரர் கேட்டார்: 'என் இருநூறு எந்தக் கண்ணுக்குப் போச்சு?' பதில் சொல்ல முடியவில்லை.

காவிரிக்கரை:
செயலாளரிடம் சொல்லிவிட்டேன். முகம் சுருங்கிப் போச்சு. சந்தா பாக்கி வைத்திருக்கும் 11 பேரில் அவரும் ஒருவர்.