‘சி’ வட்டில் எவ்வளவு இடம் காலியாக இருக்க வேண்டும்?

ஈசூன்வாசி:
வணக்கம். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் என் மகளின் மடிக்கணினியில் 256 ஜிபி எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் வட்டு) உள்ளது. விண்டோஸ் 11 இயங்குகிறது. விண்டோஸ் இருக்கும் ‘சி’ வட்டில் 9 ஜிபி மட்டுமே மிஞ்சி, கோடு சிவப்பாகிவிட்டது; விண்டோஸ் அப்டேட்டும் பாதியில் நின்றுவிடுகிறது. தீபாவளிப் படங்களை நீக்கியும் சில நாள்களில் பழைய நிலைதான். கணினிக் கடைகள் உள்ள சிம் லிம் ஸ்குவேரில் பெரிய எஸ்எஸ்டி வாங்கிப் பொருத்திவிடலாமா?

பழைய கணினிக்காரன்:
வணக்கம் ஐயா. அவசரப்பட்டு வாங்க வேண்டாம். சில மெல்லிய மடிக்கணினிகளில் எஸ்எஸ்டி கணினியின் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், மாற்ற இயலாது. பள்ளி வழியாக வாங்கிய கற்றல் சாதனம் என்றால், திறப்பதற்கு முன் பள்ளியிடம் கேட்டுவிடுங்கள்.

256 ஜிபி வட்டை விண்டோஸ் 238 ஜிபி என்றே காட்டும். அதில் 15 முதல் 20 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 40 ஜிபி, காலியாக இருப்பது நல்லது என்பது என் கணிப்பு. எஸ்எஸ்டியில் ஏற்கெனவே எழுதிய பகுதியை அழித்த பிறகே அங்கு மீண்டும் எழுத முடியும் என்பதால், வட்டு நிரம்ப நிரம்ப எழுதும் வேகம் குறையும். அப்டேட்டை விரித்து நிறுவவும் தற்காலிக இடம் தேவை.

படங்களை ஒவ்வொன்றாக நீக்குவதில் பெரிய பலன் இராது. செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று சென்றால் எது எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று தெரியும். அங்குள்ள டெம்பரரி ஃபைல்ஸ் பட்டியலில் டவுன்லோட்ஸ் கோப்புறையும் இருக்கும். அதைத் தேர்வு செய்துவிட்டால் மகளின் பள்ளிப் பாடங்களும் சேர்ந்தே போய்விடக்கூடும். முந்தைய விண்டோஸ் பதிப்பு அந்தப் பட்டியலில் இருந்தால் நீக்கலாம், ஆனால் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது.

ஈசூன்வாசி:
மிக்க நன்றி. விண்டோஸ் கோப்புறைக்குள் ‘வின்எஸ்எக்ஸ்எஸ்’ என்ற ஒன்று பல ஜிபி காட்டுகிறதே, அதை நீக்கலாமா? படங்கள் ஒன்டிரைவிலும் (மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகம்) இருக்கின்றன.

தெம்பனிஸ் தமிழ்:
அதில் கையே வைக்காதீர்கள். கணினி இயங்காமல் போகலாம். அங்குள்ள கோப்புகள் பல வேறிடங்களிலும் இணைக்கப்பட்டிருப்பதால், உண்மையில் பிடிக்கும் இடத்தைவிட அதிகமாகவே காட்டும்.

ஒன்டிரைவ் கோப்புறையில் படத்தை நீக்கினால் மேகத்திலிருந்தும், அதாவது இணையச் சேமிப்பிலிருந்தும், அது நீங்கிவிடும். வலது கிளிக் செய்து ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், படம் மேகத்தில் பத்திரமாக இருக்க, கணினியில் மட்டும் இடம் காலியாகும். பெயருக்கு அருகில் மேகக் குறி தோன்றும். ஹைபர்நேஷனை (திறந்திருக்கும் வேலைகளை வட்டில் சேமித்துவிட்டுக் கணினியை அணைக்கும் வசதி) நிறுத்தினாலும் சில ஜிபி கிடைக்கும் என்று சிலர் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் கணினியை விரைவாகத் தொடங்க உதவும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியும் கூடவே போய்விடும் என்பதால், மற்றவற்றைச் செய்தும் இடம் போதாவிட்டால் மட்டும் அதைச் செய்யுங்கள்.