மூன்று முறை நெகட்டிவ், இன்னும் பயம் போகவில்லை

வணக்கம். காரைக்குடிப் பக்கம், வயது 29. எட்டு மாதத்துக்கு முன் வெளியூரில் ஒரு தப்பு செய்துவிட்டேன், ஆணுறை கிழிந்துவிட்டது. அன்றிலிருந்து எச்ஐவி பயம். ஆறாவது வாரம், மூன்றாவது மாதம், ஆறாவது மாதம் என்று மூன்று முறை நம்பிக்கை மையத்தில் (அரசு எச்ஐவி பரிசோதனை, ஆலோசனை மையம்) பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். மூன்றும் நெகட்டிவ். சிபிலிஸ் என்ற பால்வினை நோயும் இல்லை. 90 நாள் தாண்டி நெகட்டிவ் வந்தால் அத்தோடு சரி, மறுபடி பார்க்க வேண்டாம் என்று ஆலோசகர் பொறுமையாகச் சொன்னார்.

புத்திக்குப் புரிகிறது, மனசு கேட்கவில்லை. ராத்திரி முகப்பில் படுத்துக்கொண்டு கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று அமுக்கிப் பார்க்கிறேன். அமுக்கி அமுக்கியே அந்த இடம் வலிக்கிறது. ரிப்போர்ட்டைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து மடிப்பே கிழிந்துவிட்டது. வீட்டில் பெண் பார்க்கிறார்கள். ஆத்தா முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இந்த மாதிரி பயத்திலிருந்து வெளியே வந்தவர்கள் எப்படி வந்தீர்கள் என்று சொல்லுங்கள். 14416 டெலிமனஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணில் பேசியவர்கள் உண்டா? மனநல மருத்துவரை நேரில் பார்க்கவும் தயார். உள்ளூரில் என்றால் தெரிந்தவர் கண்ணில் படுவேன்; மதுரை, திருச்சியில் நல்லவர் இருந்தால் சொல்லுங்கள். அறிகுறிப் பட்டியல் மட்டும் தயவுசெய்து அனுப்பாதீர்கள், அதைப் படித்தால் அன்று தூக்கம் போய்விடும்.