டிரெட்லாக் இணைப்பு: சடையா, சவுரியா, புரியா?

ம.செ. எழுதியது:

கலைச்சொல் குழுமத்தாருக்கு வணக்கம்.

செயற்கை டிரெட்லாக் (சிக்காக்கிக் கயிறு போலத் திரித்த முடிக்கற்றை) இணைப்புப் பெட்டி ஒன்றோடு வைக்கும் வழிமுறைத் தாளைத் தமிழில் தர வேண்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வாங்குபவர் அழகு நிலையத்துக்குப் போகாமல், தன் தலையில் தானே வைத்துக்கொள்வதற்கான பொருள் இது. பெட்டியில் 60 உருப்படிகள். ஒவ்வொன்றும் இரு பக்கமும் கூராக முடியும். நடுவில் மடித்துத் தலைமுடியோடு சேர்த்துப் பின்ன வேண்டும்.

அகராதியில் கிடைக்கும் 'சடை'யை வைத்து எழுதினால் தாள் இப்படி வருகிறது: "சடையை நடுவில் மடித்து, முடியை நடுக்காலாக வைத்துச் சடை பின்னவும். எட்டு வாரத்துக்கு மேல் விட்டால் அடிமுடி சடை பிடிக்கும்." மூன்று சடை, மூன்றும் வேறு. முதலாவது கடையில் வாங்கிய இழை. இரண்டாவது பின்னல். மூன்றாவது நடக்கவே கூடாத ஒன்று. இதைப் படித்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்பவர் என்ன செய்வார்?

பொருளுக்கு ஒரு பெயர் வேண்டும். இருமுனை வகை, ஒருமுனை வகை, தலையைப் பிரிக்கும் சதுரங்கள், வைக்கும் செயல், திறந்து மூடும் தாழ்நாக்குள்ள கொக்கி ஆகியவற்றுக்கும் சொல் வேண்டும். உதவுங்கள்.

தி.வே. எழுதியது:

புதிதாக ஆக்கத் தேவையே இல்லை. 'புரிசடை' இருக்கிறது. தேவாரத்தில் எத்தனை இடத்தில் வருகிறது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. புரிதல் என்றால் முறுக்குதல். வைக்கோற்புரி, முப்புரிநூல் எல்லாம் அந்த வேர்தான். புரிந்த சடை, புரிகின்ற சடை, புரியும் சடை என்று முக்காலமும் கொள்ளும் வினைத்தொகை. ஆகவே இடையில் வல்லினம் மிகாது. 'புரிச்சடை' என்று அச்சிட்டுவிடாதீர்கள்.

'திரிசடை' என்றும் ஆக்கலாம். ஆனால் அது கம்பனில் வீடணன் மகளின் பெயராகிவிட்டது. எனவே புரிசடை. பின்னலுக்குப் 'பின்னல்' என்றே எழுதினால் உங்கள் மூன்று சடைச் சிக்கல் தீர்ந்தது.

க. எழுதியது:

தி.வே. ஐயாவின் சொல் அழகாக இருக்கிறது. ஆனால் பெயர் வைக்குமுன் கையில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். முடி அலங்கார வகுப்பில் இதைச் சொல்லித்தருகிறவள் என்ற முறையில் வரிசையாக எழுதுகிறேன்.

இழை பெரும்பாலும் கனேகலான். ஜப்பானின் கனேகா நிறுவனம் 1957 முதல் உற்பத்தி செய்யும் மோடாக்ரிலிக் என்னும் செயற்கை இழை வகை. சூட்டில் இளகும், ஆறினால் அந்த வடிவிலேயே நிற்கும். டிரெட்லாக் ஆக்குவதற்கு இழைக்கற்றையை நுனியிலிருந்து அடி நோக்கி எதிர்ச்சீவல் சீவிச் சிக்காக்குவார்கள். பிறகு முறுக்கி, ஆவி காட்டி, ஆறவிடுவார்கள். ஆக, முறுக்கு மட்டும் இல்லை. உள்ளே சிக்கு, மேலே முறுக்கு. 'புரி' பாதியைத்தான் சொல்கிறது.

வைக்கும் முறை: சொந்த முடி குறைந்தது 8 செ.மீ. இருக்க வேண்டும். முந்தைய நாள் ஷாம்பு மட்டும் போட்டு அலசி நன்றாகக் காயவைக்க வேண்டும். கண்டிஷனரோ எண்ணெயோ கூடாது, வழுக்கும். பிடரியில் தொடங்கி மேலே வர வேண்டும். வால் சீப்பால் 2 முதல் 2.5 செ.மீ. சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் சின்ன ரப்பர் பேண்டால் கட்டிவைக்க வேண்டும். செங்கல் கட்டுவது போல மேல் வரிசையைப் பாதி தள்ளிப் பிரித்தால் வகிடு கோடாகத் தெரியாது. நெற்றியோரத்துப் பூனைமுடியைத் தொடவே கூடாது. அங்கே ஒரு செ.மீ. விட்டுத்தான் முதல் சதுரம். முழுத்தலைக்கு 50 முதல் 60 உருப்படி பிடிக்கும்.

இருமுனை வகையின் மடிப்பை முடிக்கற்றையின் அடியில் குறுக்கே வைத்தால் இரு பாதிகள் இரண்டு கால், முடி நடுக்கால். மூன்றுகால் பின்னலாக முடி தீரும்வரை பின்னி ரப்பர் பேண்ட் போட வேண்டும். மெல்லிய, வழுவழுப்பான முடி என்றால் பின்னத் தொடங்குமுன் ஒரு பாதியை முடியின் அடியில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டால் நழுவாது. ஒருமுனை வகையில் தலைப்பில் ஒரு வளையம் இருக்கும். கொக்கியை வளையத்துக்குள் விட்டு முடியை இழுத்து, அதை இரண்டாகப் பிரித்துப் பின்ன வேண்டும். இங்கே முடிதான் இரண்டு கால், இழை ஒரு கால். இந்த வேறுபாடு பெயரிலேயே தெரிந்தால் தாளில் ஒரு படம் மிச்சம்.

செயலுக்கு 'நிறுவல்' வேண்டாம். மென்பொருளை நிறுவலாம், சிலையை நிறுவலாம். முடியில் வைப்பதற்கு எங்கள் ஊரில் எல்லாரும் சொல்வது 'சவுரி வைத்துப் பின்னுவது'. ஃபேன்சி ஸ்டோரில் சவுரி என்று கேட்டால் எடுத்துத் தருகிறார்கள். அதையே ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது? சவுரிச்சடை.

தி.வே. எழுதியது:

அம்மா, முறை தெளிவு. நன்றி. ஆனால் சவுரி வடசொல். சமரி என்னும் இமயத்து எருதின் வால்மயிர். சமரி சவரியாகி, சவரி சவுரியாயிற்று. தமிழில் அந்த விலங்கு கவரி. "மயிர்நீப்பின் வாழாக் கவரிமா" என்றார் வள்ளுவர். தமிழ் வடிவம் கையில் இருக்க ஏன் மற்றதை எடுக்க வேண்டும்? 'கவரிச்சடை' என்றால் என்ன குறை?

இரா.கு. எழுதியது:

கவரிதான் சவரியாயிற்று என்று இந்தக் குழுமத்திலேயே முன்பு ஒருவர் வாதிட்டார். தி.வே. ஐயா அப்படிச் சொல்லவில்லை என்றாலும் இதைத் தெளிவாக்கிவிடுகிறேன். ககரம் சகரமாவது இ, எ போன்ற முன்னுயிர்க்கு முன்னால்தான். கன்னடத்தில் கிவி, நமக்குச் செவி. கன்னடத்தில் கெய், நமக்குச் செய். அகரத்துக்கு முன் அப்படித் திரியாது. கல் சல் ஆகவில்லை, கடல் சடல் ஆகவில்லை. கவரி தனி, சவரி தனி.

ஆனால் 'கவரிச்சடை' என்றால் எருதின் மயிரால் செய்தது என்றுதான் படிப்பவர் எண்ணுவார். பெட்டியில் இருப்பது அக்ரிலோநைட்ரைல் சேர்ந்த செயற்கை இழை.

சடை வடசொல்லா என்று அடுத்த மடலில் யாராவது கேட்பீர்கள். ஐகார ஈற்று வடசொற்கள் வினையாகும்போது இகரம் பெறும்: சிந்தை, சிந்தித்தல், நிந்தை, நிந்தித்தல், பரீட்சை, பரீட்சித்தல். சடையோ 'சடைத்தல்' ஆகிறது, 'சடித்தல்' ஆகவில்லை. கிளை, கிளைத்தல் போல. மரம் சடைத்து வளர்ந்திருக்கிறது என்கிறோம். இது தமிழ் வினை போலவே நடக்கிறது. புறநானூற்றுக் கடவுள் வாழ்த்திலேயே 'தாழ்சடை' இருக்கிறது.

ந. (யாழ்ப்பாணம்) எழுதியது:

இரா.கு. அண்ணை சொன்ன 'சடைத்து வளர்தல்' எங்கட பக்கம் இண்டைக்கும் நாளாந்தப் பேச்சு. அதனாலதான் எனக்கு வேறொரு பயம். தாளிலை அந்த வினை வாற இடம் ஒண்டே ஒண்டுதான்: அடிமுடி சடைச்சுப்போறது. ஆளுக்கு நாளொன்றுக்கு 50 முதல் 100 மயிர் உதிரும். பின்னலுக்குள்ள இருக்கேக்கை அது வெளியிலை விழாது, அடியிலையே தங்கும். ஆறு, எட்டுக் கிழமைக்கு மேலை விட்டால் உதிர்ந்ததும் உதிராததும் சேர்ந்து திரளும், பிறகு கத்தரிக்கோல்தான். எச்சரிக்கைக்குரிய சொல்லைப் பொருளின்ரை பெயரிலையும் வைச்சால் எச்சரிக்கை மழுங்கிப் போகும்.

இன்னொண்டு. தாள் முழுக்க 'முடி' எண்டு எழுதியிருக்கிறியள். இலங்கை வாசகருக்கு 'தலைமயிர்' எண்டு போட்டால் ஒரு குறையும் இல்லை.

ம.செ. எழுதியது:

ந., தமிழ்நாட்டில் அந்தச் சொல்லை அச்சில் போட்டால் தாளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். குறளில் இருப்பது உண்மைதான். பேச்சில் அது வசையாகிவிட்டது. 'தலைமுடி' இரு கரையிலும் செல்லும், அதை வைத்துக்கொள்கிறேன். எச்சரிக்கைச் சொல் பற்றி நீங்கள் சொன்னது கனமான காரணம். எச்சரிக்கையில் 'சிக்குப் பிடித்துத் திரளும்' என்று எழுதிவிடலாமா?

பா. எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். 'டிரெட்லாக்' என்றே எழுதினால் என்ன? வாங்குபவர் அந்தப் பெயரைச் சொல்லித்தான் தேடுகிறார், பெட்டியின் மேலும் அதுதான் இருக்கிறது. சடாமுடி, புரிசடை என்றால் சிவன் கோயில் நினைவுதான் வரும்.

1930களில் ஜமைக்காவில் எழுந்த ராஸ்தஃபாரி சமயத்தாருக்கு அது நோன்பின் அடையாளம். விவிலியத்தின் எண்ணாகமம் ஆறாம் அதிகாரத்தில் வரும், தலைமுடியை வெட்டாத நசரேய விரதத்தைக் காரணமாகச் சொல்வார்கள். கறுப்பின மக்கள் பலர் 'டிரெட்' என்ற அச்சச் சொல்லை விட்டு 'லாக்ஸ்' என்று மட்டும் சொல்கிறார்கள். அந்தத் தலைமுடிக்காக வேலையிலிருந்தும் பள்ளியிலிருந்தும் ஒதுக்கப்படுவதைத் தடுக்கக் கலிஃபோர்னியா 2019இல் கிரவுன் சட்டம் கொண்டுவந்தது. பெயருக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதை நம் புராணப் பெயரால் மூடுவது சரியாகப் படவில்லை.

தி.வே. எழுதியது:

தம்பி பா. சொல்லும் வரலாற்றை மதிக்கிறேன். ஆனால் பெயரை அப்படியே எழுதினால் அந்த வரலாறு வாசகருக்குத் தெரிந்துவிடுமா? 'டிரெட்' அச்சம் என்பது அந்த மொழி தெரிந்தவருக்கு மட்டும். கலைச்சொல் ஆக்குவது ஒருநாள் அச்சுக்காக அல்ல. இன்னும் பத்துப் பேர் இதே வேலையைச் செய்வார்கள்.

க. எழுதியது:

பேச்சு வரலாற்றுக்குப் போனது நல்லதுதான். ஆனால் தாளில் இன்னும் எழுதாத ஆபத்துகள் இருக்கின்றன. சொல் இல்லாமல் அவற்றை எழுத முடியாது.

முதலாவது இழுவை. சதுரம் சின்னதாக, இழை கனமாக இருந்தால் முடிவேர் தாங்காது. மடிப்பைத் தோலோடு ஒட்டி இறுக்கக் கூடாது, சில மி.மீ. விட வேண்டும். வைத்த அன்றே வலித்தால், வேரடியில் சிவந்த கொப்புளம் வந்தால், அந்த உருப்படியை உடனே கழற்ற வேண்டும். 'பழகிவிடும்' என்று விட்டால் நெற்றியோரம் வழுக்கையாகும். இதற்கு 'இழுவை வழுக்கை' என்று எழுதுங்கள்; மருத்துவரிடமும் சொல்லலாம், பாட்டிக்கும் புரியும்.

இரண்டாவது அரிப்பு. பல செயற்கை இழைகள் மேல்பூச்சோடு வருகின்றன. வைக்குமுன் வினிகர் கலந்த வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தால் நீர்மேல் வெள்ளையாகப் படரும். நல்ல தண்ணீரில் அலசி முழுக்கக் காயவைத்த பிறகுதான் தலைக்கு.

மூன்றாவது ஈரம். குளித்தபின் உள்சிக்கு காயாவிட்டால் வாடை வரும், பூஞ்சை பிடிக்கும். நீர்த்த ஷாம்புவைத் தெளிப்பானில் எடுத்து மண்டைத்தோலில் மட்டும் அடித்து அலச வேண்டும். துண்டால் ஒற்றிப் பிழிந்து, குளிர்காற்றில் காயவைக்க வேண்டும். சூடான காற்று கூடாது. இழை இளகிச் சுருங்கும். அடுப்படியில் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். மோடாக்ரிலிக் தானாக அணையும் வகைதான், என்றாலும் தீயருகில் சுருங்கி உருகும்.

கழற்றும்போது ரப்பர் பேண்டை மட்டும் வெட்டி, பின்னலை அவிழ்த்து, நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும்.

சதுரங்களுக்குப் 'பாத்தி' என்று போடுங்கள். வகிடு என்பது கோடு; கோடுகளுக்கு நடுவே உள்ள இடத்துக்குத்தான் சொல் வேண்டும். பாத்தி பிரித்தல், பாத்தி வரிசை என்றெல்லாம் இயல்பாக வரும்.

இரா.கு. எழுதியது:

பாத்தி அருமை. பகுத்தலோடு தொடர்புடைய சொல். இதற்கு யாரும் மறுப்புச் சொல்லமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

ம.செ. எழுதியது:

நாளை காலை அனுப்ப வேண்டும். எனவே இப்படி முடிக்கிறேன். தலைப்பில் ஒருமுறை 'டிரெட்லாக்', அதன்பின் தாள் முழுவதும் 'சவுரிச்சடை'. சவுரியால் ஆன சடை என்பதால் வல்லினம் மிகும். வகைகள்: இருமுனைச் சவுரிச்சடை, ஒருமுனைச் சவுரிச்சடை. சதுரம்: பாத்தி. செயல்: வைத்துப் பின்னுதல். கொக்கிக்கு 'நாக்குக் கொக்கி'. சூட்டில் இறுக்குவதற்கு 'ஆவியிறுக்கம்'. எச்சரிக்கையில் சடை வராது; 'அடிமுடி சிக்குப் பிடித்துத் திரளும்' என்றிருக்கும். மூன்று பேர் தனிமடலில் ஒப்புதல் சொன்னார்கள், இருவர் ஒத்துக்கொள்ளவில்லை.

ந. எழுதியது:

எச்சரிக்கையை மாத்தினது போதும் எனக்கு. சவுரிச்சடையிலை சடை இருக்கிறது இன்னும் உறுத்துது. 'சவுரித்திரி' எண்டால் இரண்டு கரைக்கும் சரியாய் இருந்திருக்கும். முறுக்கும் தெரியும், சிக்கும் வராது. அடுத்த பதிப்பு வந்தால் நினைவில் வையுங்கோ.

தி.வே. எழுதியது:

அச்சுக்குப் போகட்டும். புரிசடையை நான் விடவில்லை. க. அம்மா சொன்ன 'உள்ளே சிக்கு, மேலே முறுக்கு' என்பதைப் பற்றி ஒரு கேள்வி: எதிர்ச்சீவல் இல்லாமல் வெறும் முறுக்கால் ஆன வகையும் சந்தையில் உண்டா? உண்டென்றால் அதற்காவது புரிசடை என்று தனியே வைக்கலாம்.

க. எழுதியது:

உண்டு ஐயா. இரண்டு புரி முறுக்கி, நுனியைக் கொதிநீரில் சில நொடி முக்கி, ஆறும்வரை பிடித்திருந்து நிறுத்துவது. எடை குறைவு, ஆனால் சில வாரங்களில் அவிழத் தொடங்கும். அதற்குப் புரிசடை பொருந்தும். இந்தப் பெட்டியில் அது இல்லை.