‘மேனிநான்’ என்ற சொல் குறித்து

அன்புள்ள ஐயா, வணக்கம்.

‘ஈகோ’ எல்லாவற்றுக்கும் முன்னதாக உடலைச் சார்ந்தது என்று உளப்பகுப்பாய்வை நிறுவிய ஃப்ராய்ட் 1923ஆம் ஆண்டு நூலில் எழுதிய இடத்துக்குத் தமிழாக்கமாகத் தாங்கள் தந்த ‘உடல் அகந்தை’ என்ற தொடரை என்னால் ஏற்க இயலவில்லை; அதற்குப் பதிலாக ‘மேனிநான்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். அவர் ஜெர்மனில் எழுதிய சொல் ‘இஷ்’. சிறு குழந்தையும் சொல்லும் ‘நான்’ என்பதே அதன் பொருள். அதை ‘ஈகோ’ என்று லத்தீன் ஆக்கியவர்கள் ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள். நம் வழக்கில் அகந்தை ஒரு குற்றம், களைய வேண்டியது. ஃப்ராய்ட் கூறும் ‘நான்’ இல்லாமலோ மனிதர் ஒரு நாளும் உலகோடு பழக முடியாது.

‘உடல்’ என்ற பகுதியும் எனக்கு நிறைவளிக்கவில்லை. ‘நான்’ உடலுணர்வுகளிலிருந்து, அதிலும் முக்கியமாக உடலின் மேற்பரப்பில் எழும் உணர்வுகளிலிருந்து பிறக்கிறது என்று அந்நூலின் 1927ஆம் ஆண்டு ஆங்கிலப் பதிப்பின் அடிக்குறிப்பு கூறுகிறது. எங்கள் நாகர்கோவில் பக்கம் உடம்புக்கே ‘மேலு’ என்றுதான் பெயர்: காய்ச்சல் என்றால் ‘மேலுக்குச் சுகமில்லை’, தலை நனையாமல் குளித்தால் ‘மேலு கழுவுதல்’. அப்படிக் கழுவும்போது கை தொடுகிறது, தொடப்பட்ட இடமும் அதை உணர்கிறது; தன் உடலைத் தொடுவதில் மட்டும் இரு உணர்வுகள் சேர்ந்து எழுகின்றன என்று ஃப்ராய்ட் சுட்டுவது இதைத்தான். பரப்பையும் உடலையும் ஒரே சொல்லால் குறிக்கும் இவ்வழக்கைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. ஆனால் ‘மேல்நான்’ என்று ஆக்கினால், ‘நானு’க்கு மேலே நின்று கண்டிக்கும் ‘சூப்பர் ஈகோ’வைத்தான் வாசகர் நினைப்பார்.

ஐம்பொறிகளுள் தொட்டறியும் பொறியான ‘மெய்’ எனக்கு மிகவும் பிடித்த சொல். எனினும் உளப்பகுப்பாய்வாளர் வினிகாட் 1960இல் விரித்துரைத்த ‘உண்மைத் தான்’ (true self), ‘பொய்த் தான்’ (false self) என்னும் இணையோடு ‘மெய்நான்’ குழம்பிவிடும் என்பதால் மனமில்லாமலே அதைக் கைவிட்டேன்.

எஞ்சியது ‘மேனி’. இதில் பரப்பும் உண்டு, உயிருள்ள உடலும் உண்டு. ‘மேனிநானை’, ‘மேனிநானின்’ என்று வேற்றுமை ஏற்பதிலும் தடையில்லை. ‘தோல்நான்’ என்ற சொல்லை, தோலையே அடிப்படையாகக் கொண்டு பிரெஞ்சு உளப்பகுப்பாய்வாளர் அன்ஸியூ 1985இல் நூலாக வெளியிட்ட கருத்துக்கென ஒதுக்கிவைக்கலாம். மேனி அழகையும் நிறத்தையும் மட்டுமே நினைவூட்டும் என்று தாங்கள் மறுக்கக்கூடும். ஆனால் ‘மேனி நோகாமல் வேலை செய்கிறான்’ என்கிறோமே. அங்கே மேனி என்பது வலியை அறியும் உடல். ‘நான்’ உருவாவதில் வலிக்கும் பங்குண்டு என்று ஃப்ராய்ட் அதே பகுதியில்தான் எழுதுகிறார்.