நம் பிள்ளைகளுக்கு மெய்நிகர் தாள விழா வேண்டுமா? சுங்கை சிப்புட் (பேராக், மலேசியா) விவாதம்

சுங்கை டீச்சர் (தலைப்பைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். வரும் பள்ளி விடுமுறையில் நம் வட்டாரத் தமிழ்ப்பள்ளி, இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு இயங்கலையில் ஒரு தாளவாத்திய விழா நடத்தலாம் என்று சில பெற்றோரும் நானும் பேசிக்கொண்டிருக்கிறோம். மிருதங்கம், தவில், கஞ்சிரா, உறுமி, தப்பு கற்கும் பிள்ளைகளும் பள்ளி பேண்டில் ஸ்னேர் டிரம் அடிக்கும் பிள்ளைகளும் சேரலாம். ஆளுக்கு ஐந்து நிமிடக் காணொலி அனுப்ப வேண்டும். அப்புறம் இரண்டு நாள் நேரலைப் பட்டறை. சென்னையிலிருந்து ஒரு மிருதங்க வித்துவானையும், அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் தாளவாத்தியம் சொல்லிக்கொடுக்கும் பேராசிரியர் ஒருவரையும் சிறப்புப் பயிற்றுநர்களாக அழைக்க எண்ணம்.

1961-இல் அமெரிக்காவில் தொடங்கிய பெர்கஸிவ் ஆர்ட்ஸ் சொசைட்டி என்ற தாளவாத்தியச் சங்கம் நடத்தும் மாநாடுகளில் பெரிய கலைஞர்கள் மாணவர்களுக்கு நேரடியாகப் பாடம் எடுக்கிறார்கள். நம் தோட்டப் பிள்ளைகளில் யாருக்கு அங்கே போய்வர வசதி இருக்கிறது? திரை வழியாகவாவது அந்த வாசல் திறக்கட்டும் என்று நினைக்கிறேன். ஊரார் கருத்தைச் சொல்லுங்கள்.

உறுமி மாஸ்டர்

டீச்சர், உங்கள் அக்கறை மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் இதை எதிர்க்கிறேன்.

உறுமி தனியாக உட்கார்ந்து வாசிக்கிற கருவி இல்லை. பையன்கள் கோவில் வாசலில் வட்டமாக நிற்கிறார்கள். ஒருவன் கை முந்தினால் பக்கத்தில் நிற்பவன் கண்ணாலேயே அவனை நிறுத்துகிறான். காவடி எடுப்பவருக்கு மூச்சு வாங்கினால் அடியைத் தணிக்கிறோம், அருள் வந்து ஆடினால் ஏற்றுகிறோம். அறைக்குள் கைப்பேசி முன்னால் தனியாக அடித்துப் பழகிய பையன் தைப்பூசக் கூட்டத்தில் திணறிவிடுவான்.

இன்னொன்று. உங்கள் பயிற்றுநர் பட்டியலில் உறுமி தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. பெயருக்கு உறுமியைச் சேர்த்துவிட்டு மிருதங்கக் கணக்கை வைத்துத் திருத்தினால், தன் கருவி மட்டம் என்று என் பையன்கள் நினைத்துக்கொள்வார்கள். அதற்கு நான் இடம் கொடுக்க மாட்டேன்.

கிந்தா மிருதங்கம்

மாஸ்டர் சொல்வதில் முதல் பாதிக்கு அறிவியலும் துணை நிற்கிறது. ஒலி காற்றில் ஒரு மீட்டர் போக ஏறத்தாழ 3 மில்லிசெகண்டு ஆகும். பக்கத்தில் நிற்பவனோடு சேர்ந்து வாசிக்க அது தடையே இல்லை. தாமதம் 25, 30 மில்லிசெகண்டைத் தாண்டினால் இருவரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து காலம் இழுபடத் தொடங்கிவிடும். காணொலிச் சந்திப்புச் செயலிகளில் 100-க்கு மேல் போவது சாதாரணம். நிமிடத்துக்கு 120 அடி என்ற வேகத்தில் சதுஸ்ர நடை, அதாவது அடிக்கு நான்கு மாத்திரை, வாசித்தால் ஒரு மாத்திரைக்கு 125 மில்லிசெகண்டுதான். அதாவது எதிரில் இருப்பவர் ஒரு மாத்திரை தள்ளி விழுவார்.

நல்ல இணையம் வாங்கினாலும் இது தீராது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் போகிறது. சென்னை இங்கிருந்து சுமார் 2,450 கிலோமீட்டர்; நேர்க்கோட்டில் கம்பி இருந்தாலே 12 மில்லிசெகண்டு. அமெரிக்காவின் நடுப்பகுதி சுமார் 15,000 கிலோமீட்டர், 75 மில்லிசெகண்டு. பயிற்றுநரும் பிள்ளையும் நேரலையில் சேர்ந்து வாசிப்பது என்ற பேச்சையே திட்டத்திலிருந்து எடுத்துவிட வேண்டும்.

ஆனால் காணொலி அனுப்பி, அதைக் கேட்டுத் திருத்தம் வாங்குவதற்கு இந்தத் தாமதம் ஒரு பொருட்டே இல்லை. அதனால் விழாவே வேண்டாம் என்பதை நான் ஏற்கவில்லை.

மூன்று பிள்ளைகளின் அம்மா

என் மகள் இடைநிலைப்பள்ளியில் படிவம் 2. மிருதங்கம் கற்கிறாள். வாத்தியார் ஈப்போவில் இருக்கிறார். அவள் அப்பாவுக்கு செம்பனை ஆலையில் ஓவர்டைம் இல்லாத வாரம் வகுப்பு உண்டு, இருந்தால் இல்லை. இதுதான் எங்கள் நிலை.

மாஸ்டர் அண்ணே, கோவில் வாசல் என்கிறீர்கள். அங்கே இரவு பத்து மணிக்குப் பயிற்சி. உங்கள் குழுவில் ஒரு பெண் பிள்ளையாவது இருக்கிறாளா? நானும் அவளை அந்த நேரத்தில் அனுப்ப மாட்டேன், அதை ஒளிக்கவில்லை. வட்டத்தில் நிற்கும் வாய்ப்பு உள்ளவர்களுக்கு நீங்கள் சொல்வது சரி. வட்டத்துக்குள் வரவே முடியாத பிள்ளைக்கு அந்தத் திரைதான் வாசல்.

படிவம் 5 மாணவன்

நான் தவில் வாசிக்கிறேன். முன்பு ஓர் இயங்கலைப் போட்டியில் 50 வெள்ளி கட்டிச் சேர்ந்தேன். வலக்கை விரல்களில் கூடு போட்டு வாசிப்பதுபோல் இரண்டு காணொலி, கூடு இல்லாமல் ஒன்று, எல்லாம் கேட்டபடி அனுப்பினேன். கடைசியில் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) ஒரு சான்றிதழ்ப் படம் வந்தது. என் கை எங்கே தடுக்குகிறது என்று ஒரு வரிகூட யாரும் எழுதவில்லை. பங்கெடுத்த எல்லாருக்கும் அதே சான்றிதழ், பெயர் மட்டும் வேறு. இந்த விழாவும் அப்படித்தான் என்றால் தயவுசெய்து நடத்த வேண்டாம், டீச்சர். எங்களுக்குச் சான்றிதழ் நிறைய இருக்கிறது.

சுங்கை டீச்சர்

தம்பி, நீ எழுதியதைப் படித்து மனசு கனத்தது. அதனால் இதை முதல் விதியாக வைக்கிறேன்: ஒவ்வொரு காணொலிக்கும் பயிற்றுநர் தம் குரலில் மூன்று நிமிடமாவது பதிவு செய்து அனுப்ப வேண்டும். எந்த இடத்தில் கை இறுகுகிறது, எந்தத் தாளச்சொல் தெளிவில்லை, அடுத்து எதைப் பழக வேண்டும் என்று. இதற்கு ஒப்புக்கொள்ளாதவரை, எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், அழைக்க வேண்டாம். கட்டணமும் வேண்டாம். பரிசும் வேண்டாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மாஸ்டர், உறுமிக்குப் பயிற்றுநர் வேண்டும் என்பது நியாயம். நீங்களே வாருங்கள்.

உறுமி மாஸ்டர்

என்னை அழைத்ததற்காக நான் கருத்தை மாற்றிக்கொள்ள முடியாது, டீச்சர்.

சீனர்களின் குழு முரசான இருபத்து நான்கு பருவ முரசை எடுத்துக்கொள்ளுங்கள். 1988-இல் ஜொகூர் பாருவில் தொடங்கினார்கள். இன்று நாடெங்கும் சீனப் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் அந்த முழக்கம் கேட்கிறது. 2009-இல் தேசிய மரபு என்று அரசாங்கம் அங்கீகரித்தது. எப்படி வளர்ந்தது? பள்ளிக்குள் இடம் கொடுத்தார்கள், புறப்பாட நேரம் கொடுத்தார்கள், முன்னாள் மாணவர்கள் திரும்பி வந்து சொல்லிக்கொடுத்தார்கள். நம் உறுமிக்கு எந்தப் பள்ளி மண்டபம் திறந்தது? உறுமிக் குழு என்றாலே சண்டை போடும் பையன்கள் என்றுதானே பேசுகிறார்கள்!

இயங்கலை விழா நடந்தால் எல்லாருக்கும் வசதி. மண்டபம் தர வேண்டாம், சத்தம் என்று புகார் வராது, பொறுப்பாசிரியர் மாலையில் தங்க வேண்டாம். 'பிள்ளைகளுக்குத்தான் விழா வைத்தோமே' என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். நாம் கேட்க வேண்டியதைக் கேட்காமலே விட்டுவிடுவோம். என் பயம் அதுதான். இணைய வேகத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

மூன்று பிள்ளைகளின் அம்மா

மண்டபம் கேளுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். சாயங்காலம் நான்கு மணிக்குப் பள்ளியில் என்றால் என் மகளும் வருவாள். ஆனால் மண்டபம் கிடைக்கும்வரை அவள் சும்மா இருக்க வேண்டும் என்று சொல்லாதீர்கள்.

பழைய தோட்டத்தார்

தப்பைப் பட்டியலில் பார்த்ததும் எழுதத் தோன்றியது. நான் பால் மரம் சீவிய காலத்தில் தோட்டத்தில் சாவு என்றால் தப்பு, திருவிழா என்றாலும் தப்பு. அடித்தவரைக் கோவில் படியேற விடாத இடங்களும் இருந்தன, அதை மறக்க வேண்டாம். தோட்டங்கள் விற்கப்பட்டு, லயங்கள் (தொழிலாளர் வீட்டு வரிசைகள்) இடிபட்டு, சனங்கள் டவுனுக்கு வந்தபோது அடிக்கத் தெரிந்தவர்களும் சிதறிப்போனார்கள்.

ஒரு கேள்வி. தப்பை வாசிக்குமுன் நெருப்பில் காய்ச்ச வேண்டும். நம் ஊர் மழைக்காலத்தில் தோல் சீக்கிரமே தொய்ந்துவிடும். எவ்வளவு காய்ச்சுவது என்பதை விரலால் தட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அமெரிக்காவில் உட்கார்ந்திருப்பவர் அதை எப்படிச் சொல்வார்? அடி பிழையா, தோல் தொய்வா என்று அவருக்குத் தெரியாது. பிள்ளையைக் குறை சொல்லிவிடுவார்.

கிந்தா மிருதங்கம்

ஐயா கேட்டது மிக முக்கியமான கேள்வி. மிருதங்கத்துக்கும் அது பொருந்தும். தொப்பியில் (இடப்பக்கத் தோலில்) ரவைப் பசை கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் நாதம் மாறிவிடும். வலந்தலையில் (வலப்பக்கத் தோலில்) கரணை என்ற கரும்பூச்சு இருப்பதால்தான் அதில் சுருதி சுத்தமாகக் கேட்கிறது. சி.வி.ராமன் 1920-இலேயே 'நேச்சர்' இதழில் இதைப் பற்றி எழுதினார். சாதாரண முரசில் வராத இசைவான மேல்சுரங்கள் நம் தோல்கருவியில் வருகின்றன என்று காட்டினார். இத்தனை நுணுக்கத்தையும் கைப்பேசி மைக் நசுக்கிவிடுகிறது. சத்தம் கூடினால் அதுவே குறைக்கும், குறைந்தால் ஏற்றும். மெல்லிய அடியும் வலுவான அடியும் ஒரே அளவாகக் கேட்கும். சந்திப்புச் செயலியோ மனிதக் குரல் அல்லாததை இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு வெட்டும். வளைந்த குச்சியால் தேய்த்து எழுப்பும் உறுமியின் இழுப்பு அதில் அடிபட்டுப் போகலாம்.

அதனால் என் யோசனை: பிள்ளைகள் வீட்டிலிருந்து பதிவு செய்ய வேண்டாம். ஊரில் ஓரிடத்தில் ஒரு நல்ல மைக் வைப்போம். எல்லாரும் அங்கே வந்து பதிவு செய்யட்டும். தோலையும் பசையையும் பார்க்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து சரிசெய்து கொடுக்கட்டும். 1960-இல் அப்போதைய அமைச்சர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது தோட்டத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பணம் போட்டுத் தோட்டமே வாங்கினார்கள். அவர் பிறந்த ஊர்க்காரர்கள் நாம். ஒரு மைக் வாங்க முடியாதா?

நேரலைப் பட்டறையில் கருவியே வேண்டாம், கொன்னக்கோல் வைக்கலாம். வாயால் சொல்லிக் கையால் தாளம் போடுவது திரையில் நன்றாகவே வரும், டேட்டாவும் அதிகம் செலவாகாது. பயிற்றுநர் சொல்வார், பிள்ளை கேட்டுத் திருப்பிச் சொல்வான், அவ்வளவுதான். அமெரிக்கப் பேராசிரியருக்கும் இங்கே வேலை இருக்கிறது. ஸ்னேர் டிரம்முக்கு 40 அடிப்படைப் பயிற்சிகள் உண்டு. 1984-இல் டீச்சர் சொன்ன அந்த பெர்கஸிவ் ஆர்ட்ஸ் சொசைட்டி வகுத்தது. வலம் இடம் வலம் வலம், இடம் வலம் இடம் இடம் என்று கை மாறி மாறிப் போகும் பயிற்சி ஒன்றை, நம் 'தா தீ தொம் நம்' பாடத்தோடு பக்கத்தில் வைத்துப் பிள்ளைகள் பார்த்தால் இரண்டு பக்கமும் பலன்.

படிவம் 5 மாணவன்

பேராசிரியர் ஆங்கிலத்தில் பேசினால் சின்னப் பிள்ளைகளுக்கு யார் தமிழில் சொல்வது? என்னிடம் சொன்னால் செய்கிறேன்.

சுங்கை டீச்சர்

செய், தம்பி. உன் எஸ்.பி.எம். (படிவம் 5 இறுதி) தேர்வுக்கு இடையூறு வராத நாளாகப் பார்க்கிறேன்.

நேரத்தையும் யோசித்தேன். சென்னையில் மாலை ஆறு மணி என்றால் நமக்கு இரவு எட்டரை. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், அவர்கள் கோடைக்காலக் கணக்குப்படி, காலை ஒன்பது என்றால் நமக்கு இரவு ஒன்பது. ஆகவே பட்டறை இரவில்தான் அமையும். இரவு என்பதால் பிள்ளைகளை வெளியே வரவழைக்காமல் அவரவர் வீட்டிலிருந்தே சேரச் சொல்லலாம், கொன்னக்கோலுக்கு அது போதும். பதிவுகளை மட்டும் பகலில் ஊரிலேயே எடுக்கலாம். தப்பு வாத்தியப் பதிவுக்குப் பழைய தோட்டத்தார் ஐயா வந்து தோல் பார்த்துக் கொடுப்பாரா?

பழைய தோட்டத்தார்

வருகிறேன். தப்பு அடிக்கும் பிள்ளையையும் பயிற்றுநர் மற்றவர்களைப் போலவே பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேச வேண்டும். கடைசியில் இரண்டு நிமிடம் ஒதுக்கி 'கிராமியக் கலை' என்று தனியாகக் காட்டினால் நான் வர மாட்டேன்.

உறுமி மாஸ்டர்

ஊரிலேயே பதிவு என்றால் நான் பேசத் தயார். அந்தப் பதிவை ஏதாவது ஒரு பள்ளி மண்டபத்திலேயே எடுக்க வேண்டும். அதற்குக் கடிதம் கொடுப்போம். நானும் டீச்சரும் சேர்ந்து கையெழுத்திடுவோம். மூன்று பிள்ளைகளின் அம்மாவும் போடட்டும். சாயங்கால நேரமாக இருக்கட்டும், பெண் பிள்ளைகளும் வரட்டும். குச்சி பிடிக்க நான் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஆனால் குழுவாக வாசிப்பதைத் திரையில் பார்த்து யாரும் மதிப்பிடக் கூடாது. தனி ஆளின் கையைத் திருத்தட்டும், சரி. என் வட்டம் எப்படி நிற்க வேண்டும் என்று நேரில் வந்து நின்றவர் மட்டும் சொல்லட்டும். இதில் என் நிலை மாறாது.

கிந்தா மிருதங்கம்

அந்த ஒன்றில் எனக்கு உடன்பாடு இல்லை, மாஸ்டர். குழுப் பதிவைக் கேட்டு ஒரு நல்ல காது சொல்லும் குறையைப் பையன்களும் கேட்கட்டும் என்பேன். ஆனால் அதற்காகக் கடிதத்தைத் தாமதிக்க வேண்டாம். வரைவை இன்று இரவே இங்கே போடுகிறேன், பார்த்துத் திருத்துங்கள்.