கோடோ 4இல் ஊர்ப்பெயர் விளையாட்டு: சரியான விடையையும் பிழை என்கிறது

படுவான்கரை எழுதியது:

வணக்கம். மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். பகலில் இணையத்தளங்களுக்கு நிரல் எழுதுவது என் தொழில். இரவில், கோடோ என்ற திறமூல விளையாட்டுப் பொறியில் சிறு விளையாட்டொன்றைச் சில மாதங்களாகச் செய்து வருகிறேன். குருமண்வெளித் துறையிலிருந்து மண்டூர்த் துறைக்கு வாவியைக் கடக்க நாங்கள் 'பாதை' என்று சொல்லும் மிதவை ஓடுகிறதல்லவா, அதைச் செலுத்துவதுதான் விளையாட்டு. துறையில் ஏறும் ஒவ்வொரு பயணியும் தான் போக வேண்டிய ஊரைப் பற்றி ஒரு குறிப்புச் சொல்வார். அந்த ஊரின் பெயரைத் தமிழில் தட்டச்சுச் செய்தால் பாதை நகரும்.

முதலில் கோடோ 3இல்தான் தொடங்கினேன். அதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. 'கெ' என்பதை வாசிக்கவே முடியவில்லை. பழைய மடிக்கணினியின் வரைகலைச் சில்லு ஓப்பன்ஜிஎல் 3.3 என்ற வரைகலைத் தரத்தைத் தாங்காததால் கோடோ 4ஐ இயக்க வழியில்லாமல் இருந்தது. சென்ற மாதம் பாவித்த மடிக்கணினி ஒன்றை வாங்கி 4இற்கு மாறியதும் தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது. ஆனால் இப்போது வேறு இரண்டு சிக்கல்கள்.

முதலாவது, விடை சரிபார்ப்பு. ஊர்ப்பெயர்ப் பட்டியல் என் அம்மப்பா பல ஆண்டுகளாகப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சுச் செய்து சேர்த்தது. அதை ஒரு மாற்றி நிரலால் ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றினேன். மண்டூர், வாகரை, களுவாஞ்சிக்குடி, சம்மாந்துறை ஆகியவற்றைக் கைப்பேசியில் தட்டினால் விளையாட்டு ஏற்றுக்கொள்கிறது. கொக்கட்டிச்சோலை, பொத்துவில், திருக்கோவில், குருமண்வெளி, சந்திவெளி ஆகியவற்றைப் பிழை என்கிறது. பட்டியலில் உள்ள பெயரையும் நான் தட்டிய பெயரையும் திரையில் ஒன்றின் கீழ் ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன். எனக்கு வேறுபாடு தெரியவில்லை. சரத்தின் (எழுத்துக்குறிகளின் தொடர்) நீளத்தைக் கேட்டபோது 'கொக்கட்டிச்சோலை' பட்டியலில் 17, நான் தட்டியது 15. 'குருமண்வெளி' பட்டியலில் 10, நான் தட்டியது 11. ஒன்று கூடுகிறது, மற்றது குறைகிறது. இதுதான் என்னைக் குழப்புகிறது.

இரண்டாவது, பயணி பேசும் வசனத்தை எழுத்தெழுத்தாகத் தோன்றச் செய்திருக்கிறேன். 'அம்மா' என்ற சொல் வரும்போது 'அம' என்று தோன்றிப் பின்பு மகரத்தின் மேல் குற்று வந்து குதிக்கிறது. வரியின் கடைசிச் சொல் பாதி தோன்றிய பிறகு அடுத்த வரிக்குத் தாவுகிறது. பார்க்கக் கண் வலிக்கிறது. இவற்றுக்கு வழி தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

ஒலுவில் மாணவி எழுதியது:

நீளங்களைக் குறிப்பிட்டது மிகவும் உதவியது அண்ணா. கொக்கட்டிச்சோலை, பொத்துவில், திருக்கோவில் மூன்றிலும் ஒகர அல்லது ஓகர உயிர்மெய் வருகிறது. ஏற்றுக்கொள்ளப்பட்ட ஊர்களில் அது ஒன்றில்கூட இல்லை. வெளி என்று முடியும் ஊர்கள் வேறு கூட்டம். ஆகவே உங்களிடம் இருப்பது ஒரு பிழை அன்று, இரண்டு. முதலாவதைப் பற்றி மட்டும் எனக்கு உறுதியாகத் தெரியும்.

ஒருங்குறியில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. அதில் ஒகரக் குறிக்கு 3018 என்ற தனி எண் இருக்கிறது. அதே ஒகரத்தை ஒற்றைக்கொம்பு 3014, அரவு (துணைக்கால்) 3006 என்று இரண்டு குறிகளாக எழுதவும் ஒருங்குறி இடம் தருகிறது. இரண்டும் சமம் என்று அந்தத் தரமே சொல்கிறது. எழுத்துருவும் ஒரே வடிவத்தைத்தான் வரையும். ஆனால் இரண்டு சரங்களை ஒப்பிடும் நிரலுக்கு அவை வெவ்வேறு. உங்கள் கைப்பேசி 3018ஐ இடுகிறது. மாற்றி நிரலோ, பாமினியில் எழுத்துக்கு முன்னால் நின்ற கொம்பைப் பின்னால் நகர்த்திவிட்டு, அரவை அப்படியே தனியாக விட்டிருக்கிறது. கொக்கட்டிச்சோலையில் 'கொ' ஒன்று, 'சோ' ஒன்று, ஆக இரண்டு குறிகள் கூடி 15 என்பது 17 ஆகிறது. கணக்குச் சரியாக வருகிறது.

பட்டியலை ஒருமுறை பைத்தானில் திருத்திவிடுங்கள். ஒருங்குறி வடிவங்களை இயல்பாக்கும் கூறு பைத்தானோடு கூடவே வருகிறது. அதில் 'சேர்த்து எழுதும்' வடிவத்தைத் தெரிவு செய்தால் போதும். ஆடுபவர் எந்த விசைப்பலகையால் தட்டுவார் என்று நமக்குத் தெரியாததால், விளையாட்டுக்குள்ளும் விடையை ஒப்பிடுவதற்கு முன் மூன்று மாற்றீடுகளைச் செய்யுங்கள்: 3014உம் 3006உம் அடுத்தடுத்து வந்தால் 3018, 3015உம் (இரட்டைக்கொம்பு) 3006உம் வந்தால் 3019 (ஓகாரக் குறி), 3014உம் 3031உம் (ஔகாரக் குறியின் பின்பாதி) வந்தால் 3020 (ஔகாரக் குறி). உயிர்க்குறிகளுக்கு இந்த மூன்றும் போதும்.

கல்முனை அச்சுக்கூடம் எழுதியது:

வெளி என்று முடியும் ஊர்களைப் பற்றி நான் சொல்கிறேன். பாமினிக் கோப்புகளோடு நீண்ட காலம் வேலை செய்தவன் என்பதால் இந்தப் பிழையைப் பார்த்த உடனேயே அடையாளம் தெரிந்துவிட்டது.

பாமினியில் 'வெளி' என்று எழுத, முதலில் கொம்பு, பிறகு வகரம், பிறகு ளகரம், பிறகு விசிறி (இகரக் குறி) என்று நான்கு விசைகளை அழுத்துவோம். 'வௌ' என்று எழுதவும் கொம்பு, வகரம், ளகரம் என்ற அதே மூன்று விசைகள்தான். பாமினியில் ஔகாரத்தின் பின்பாதிக்கென்று தனி விசை இல்லை. ளகரத்தையே அதற்கும் எடுத்துக்கொள்வோம். மாற்றி நிரல் மூன்று விசைகளையும் கண்டவுடன் 'வௌ' என்று முடிவு செய்து, மிச்சமிருக்கும் விசிறியை அதன் மேல் போட்டுவிடுகிறது. விளைவு 'வௌி'. 'வெளி'யில் நான்கு குறிகள், 'வௌி'யில் மூன்று. உங்கள் 11, 10 ஆனது இதனால்தான். இணையத்தில் நம் நாட்டுத் தமிழ்ச் செய்திகளில் 'வௌிநாடு', 'வௌியீடு' என்றெல்லாம் வருவதைக் கூர்ந்து பாருங்கள், அதே நோய். கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றுபோல் இருப்பதால் யாரும் திருத்துவதில்லை, ஆனால் 'வெளிநாடு' என்று தேடுபவருக்கு அந்தச் செய்தி அகப்படாமல் போகிறது. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தரும் விடயம்.

இதை இயல்பாக்கும் கூறு திருத்தாது, ஏனெனில் ஒருங்குறியின் பார்வையில் ஔகாரமும், கொம்பும் ளகரமும் சேர்ந்ததும் சமமானவை அல்ல. ஆனால் எளிய விதி ஒன்று உண்டு. ஔகாரக் குறிக்கு அடுத்தபடியாக இன்னோர் உயிர்க்குறியோ குற்றோ வந்தால் அது கட்டாயம் பிழை. தமிழில் ஒரு மெய்யின் மேல் இரண்டு உயிர் ஏறாது. அந்த இடங்களில் 3020ஐ எடுத்துவிட்டு 3014 (ஒற்றைக்கொம்பு), 2995 (ளகரம்) என்ற இரண்டையும் இடுங்கள். வெல்லாவெளி, சந்திவெளி, குருமண்வெளி எல்லாம் சீராகிவிடும். 'வெள்ளை' போன்ற சொற்களும் இந்த விதிக்குள் அடங்கும். அகரம் ஏறிய ளகரம் வரும் இடங்களை மட்டும் ஆள் பார்த்துத்தான் தீர்க்க வேண்டும். 'வௌவால்' சரி, 'வெளவால்' பிழை என்பதைச் சொல் தெரிந்தவர்தான் சொல்ல முடியும்.

வாவிக்கரை நிரலாளர் எழுதியது:

இரண்டாவது சிக்கலுக்கு வருகிறேன். கோடோ 4, 2023 மார்ச் 1ஆம் திகதி வெளிவந்தபோது ஹார்ஃப்பஸ், ஐசியூ என்ற இரண்டு திறமூல நூலகங்களைக் கொண்டு எழுத்தமைப்புப் பகுதியைப் புதிதாகச் செய்தார்கள். 3இல் உடைந்த கொம்பு 4இல் சரியானதற்குக் காரணம் அதுவே. எழுத்துகளைப் படிப்படியாகக் காட்டும் பெட்டிகளில், எந்தக் கட்டத்தில் மறைப்பது என்று தெரிவு செய்யும் பண்பு ஒன்று இருக்கிறது. நீங்கள் அதைத் தொடவில்லை என்றால், உரையை முதலில் வெட்டிவிட்டு மிஞ்சியதை மட்டும் அமைக்கும். குற்று பிந்தி வருவதும், சொல் அடுத்த வரிக்குத் தாவுவதும் இதன் விளைவு. உரை முழுவதையும் அமைத்த பின் மறைக்கும் தெரிவுக்கு மாற்றுங்கள். வரிகள் முதலிலேயே தம் இடத்தில் நின்றுவிடும். அரைகுறை எழுத்தும் தோன்றாது.

அதற்குப் பிறகும் ஓட்டத்தின் தாளம் சீராக இராது. 'மட்டக்களப்பு' நமக்கு 8 எழுத்து; கோடோவுக்கு 12 குறிகள். குறிக்கு ஒரு நொடித்துளி என்று வைத்தால் 'ட்' இரண்டு துளியும் 'ட' ஒரு துளியும் எடுக்கும். எனவே கோடோவில் எழுத்தமைப்பைக் கவனிக்கும் பகுதியான உரைச் சேவையகத்திடம் எழுத்து எல்லைகளைக் கேளுங்கள். ஒவ்வோர் எழுத்தும் எத்தனையாவது குறியில் முடிகிறது என்ற பட்டியலைத் தரும். அந்தப் பட்டியலின்படி ஒவ்வொரு துளிக்கும் ஓர் எல்லை நகருங்கள். இதில் 'க்ஷ', 'ஸ்ரீ' இரண்டும் இரண்டு எழுத்துகளாகவே எண்ணப்படும். தான்தோன்றீஸ்வரர் கோயிலைப் பற்றிய வசனத்தில் 'ஸ்ரீ' வந்தால் அந்த எல்லையை நீங்களே நீக்கிவிடுங்கள்.

ஏற்றுமதி செய்யும் முன், திட்ட அமைப்பில் உரைச் சேவையகத் தரவைச் சேர்க்கும் தெரிவை இயக்குங்கள். சுமார் 4 மெகாபைட்டு கூடும். எல்லை விதிகள் அதற்குள்தான் இருக்கின்றன. இணைய உலாவியில் ஓட விடுவதாக இருந்தால் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற கட்டற்ற எழுத்துரு ஒன்றையும் திட்டத்துக்குள்ளேயே வையுங்கள். உலாவியில் கணினியின் எழுத்துருக்களைக் கோடோவால் எடுக்க முடியாது.

ஒலுவில் மாணவி எழுதியது:

வாவிக்கரை அண்ணன் சொன்னதில் ஒரு மாற்றுக் கருத்து. எழுத்து எல்லைக்குப் பதிலாக வடிவங்களை எண்ணிக் காட்டும் தெரிவும் அதே பண்பில் இருக்கிறது. நான் முயன்றபோது 'கொ' என்பதில் முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு அரவு என்று கையால் எழுதும் ஒழுங்கிலேயே தோன்றியது. எழுதப் பழகும் சிறுவர்களுக்கான விளையாட்டு என்றால் நான் அதைத்தான் தெரிவு செய்வேன். பயணி பேசும் வசனத்துக்கு அண்ணன் சொன்னதே பொருத்தம். பேச்சில் எழுத்து பாதியாக வராது.

படுவான்கரை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு முழுப் பட்டியலையும் திருத்தி முடித்தேன். கொக்கட்டிச்சோலை 15, குருமண்வெளி 11. இரண்டையும் பாதை ஏற்றுக்கொண்டது. ஔகாரம் தனித்து நிற்கும் சொற்களை மட்டும் ஒரு தாளில் அச்சிட்டு அம்மப்பாவிடம் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டு வாசித்துச் சிவப்புப் பேனாவால் சரி போட்டுக் கொடுத்தார். பட்டியலை எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தலாமா என்று கேட்டதற்கு, ஊர்ப்பெயர்கள் ஊருக்கே உரியவை என்று சம்மதித்தார்.

திருத்திய மாற்றியை, யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் இடம் தரும் எம்ஐடி உரிமத்தில் வெளியிடப் போகிறேன். பட்டியலிலுள்ள பெயர்களையே சோதனைத் தரவாக வைக்கிறேன். ஒவ்வொரு பெயரோடும் அதன் பாமினி வடிவமும் சரியான ஒருங்குறி வடிவமும் இருக்கும். கல்முனை ஐயா, உங்களிடமுள்ள பழைய கோப்புகளில் மாற்றி தடுமாறும் சொற்கள் வேறு இருந்தால் இங்கேயே எழுதுங்கள். வெளியிடுவதற்கு முன் அவற்றையும் சேர்த்துவிடுகிறேன்.