புதுப்பிப்பு: குளிரில் கண்ணுக்குக் கீழே கன்சீலர் வெடிக்கும் பிரச்சினை தீர்ந்தது

குன்னூர் குளிர்ல கன்சீலர் (கருவளையம், பருவை மறைக்கிற கிரீம்) போட்டா அரை மணி நேரத்துல கண்ணுக்குக் கீழே கோடு கோடா வெடிக்குது, பிரஷ்தான் காரணமான்னு போன மாசம் இங்க கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. அக்கா கல்யாணம் முடிஞ்சது, முகமும் தப்பிச்சது.

பாதிக் காரணம் பிரஷ்தான். என்கிட்ட இருந்தது இயற்கை முடியில செஞ்ச தட்டைப் பிரஷ். டிஷ்யூல பிழிஞ்சு பார்த்தேன், கிரீம்ல நிறைய உள்ளேயே உட்கார்ந்திருந்தது. "செயற்கை நார், சுண்டுவிரல் நுனி அளவு, உருண்டை முனை, இழுக்காம தட்டுங்க"ன்னு ஒருத்தர் சொன்னாங்களே, அதுதான் வேலை செஞ்சது. தட்டைப் பிரஷ் இழுத்த கோடு இதுல விழல. தாடைப் பருவை மறைக்க மட்டும் இன்னும் தட்டைதான்.

மீதிக் காரணம் குளிர். காலையில கன்சீலர் மெழுகு மாதிரி இறுகிடுது. புறங்கையில ஒரு பொட்டு வெச்சு விரலால தேய்ச்சு இளக்கிட்டு எடுக்கணும். மாய்ஸ்சரைசர் போட்டு அஞ்சு நிமிஷம் விட்ட பிறகுதான் கன்சீலர். பிரஷுக்குப் பதிலா ஈர ஸ்பாஞ்சால தட்டுற யோசனையையும் பார்த்தேன். விடிகாலை அஞ்சு மணிக்கு அந்த ஜில்லிப்பை முகத்துல வைக்க மனசு வரல.

எதிர்பாராதது ஒண்ணு: பேபி ஷாம்பு போட்டுக் கழுவின பிரஷ் இந்த மூடுபனியில ரெண்டு நாளாகியும் காயல. டம்ளர்ல நிமிர்த்தி வெச்சதால தண்ணி உலோகப் பூணுக்குள்ள இறங்கி, பசை விட்டு நார் உதிர ஆரம்பிச்சது. இப்போ மேஜை விளிம்புல படுக்க வெச்சு, முனை வெளியே நீட்டிக்கிற மாதிரி காய வைக்கிறேன்.